வந்த நிலமும் பறையும்

நிலத்தின் கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்து எண்ணினார் தொல்காப்பியர். அந்நிலத்து மக்கள் பெயர்ந்து சென்றால் அவர்தம் பறை எந்நிலத்துக்கு உரியதாகும்? ஒரு நிலத்துப் பூவும் புள்ளும் பிறிதொரு நிலத்தில் வந்து தோன்றின், அவை வந்த நிலத்தின் பயனை உடையன என்பது அகத்திணையியல் நூற்பா ஒன்றன் கருத்து. அவ்விதியைப் பறைக்கும் நீட்டிக் கொள்ளலாமா என்பதனைத் தாளக் கலைஞர் சாரதி கோர்வாரின் இரண்டு இசைத்தொகுப்புகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கோர்வார் அமெரிக்காவிற் பிறந்து, அகமதாபாத்திலும் சென்னையிலும் வளர்ந்து, பின்னர் இலண்டனிற் குடியேறியவர். தபலாவும் மேனாட்டு டிரம்சும் வாசிப்பவர். 2016-இல் வெளிவந்த 'டே டு டே' என்னும் தொகுப்பு, குசராத்தின் இரத்தன்பூரைச் சார்ந்த சிதியரின் பாடலையும் முழவொலியையும் அடிப்படையாகக் கொண்டு அவற்றோடு ஜாஸ் இசையை இயைத்தது. சிதியர், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைஞராகவும் கடலோடிகளாகவும் வந்தோரின் வழியினர். அவர்தம் ஆடலாகிய 'கோமா' என்பதன் பெயர், முழவையும் ஆடலையும் ஒருங்கே குறிக்கும் 'ங்கோமா' என்னும் பாந்து மொழிச் சொல்லின் திரிபு. அவர்தம் மலுங்கா என்னும் ஒற்றை நரம்புக் கருவி, பெரும்பாணாற்றுப்படை காட்டும் வில்யாழை நமக்கு நினைவூட்டும். ஆயினும் அவர் பாடல்கள் பெரும்பாலும் இந்நாட்டு மொழிகளிலேயே அமைந்தன. அவர் வழிபடும் பாவா கோர் என்னும் பெரியாரின் அடக்கத்தலமும் இரத்தன்பூரிலேயே உள்ளது. எனவே, கோர்வார் அவர்களை நாடிச் செல்லுமுன்பே அப்பறை வந்த நிலத்தின் பயனை எய்திவிட்டது என்க.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. சாக்சபோன் ஓங்கி எழும் இடங்களிற் சிதியரின் குரல் பின்னணியாய்த் தாழ்கின்றது. கேட்போர் கோர்வாரின் ஏக்கத்தை உணர்கின்றனர். சிதியர் எதனைத் தம் இல்லமெனக் கருதுகின்றனர் என்பதனை அறிந்திலர். இத்தொகுப்பிலுள்ள ஓர் உருப்படிக்கு, காலவரையின்றித் தங்குவதற்குப் பிரித்தானிய அரசு வழங்கும் இசைவின் பெயரையே தலைப்பாக இட்டுள்ளார். அவ்விசைவு வேண்டி நிற்றல் இலண்டனிற் குடியேறியோர் கவலை. இரத்தன்பூர்ச் சிதியர்க்கு அக்கவலை இல்லை. இருவேறு இடப்பெயர்வுகள் ஒரு தாளத்தில் அமைந்தன. ஒரு பொருளில் அமைந்தில.

2019-இல் வெளிவந்த 'மோர் அரைவிங்' இக்குறையை நீக்கியது. 'இன்னும் வருகின்றனர்' எனப் பொருள்படும் அத்தலைப்பு, புகுவோரைக் கண்டு அஞ்சுவோர் வாயிற் பிறக்கத் தக்கது. அதனை வந்தவரே தம் வாயாற் கூறுகின்றனர். மும்பை, தில்லி ராப் பாடகர்கள் இதிற் சொல்லுரிமை பெறுகின்றனர். எழுத்தாளர் தீபக் உண்ணிகிருஷ்ணன், பிழைப்பு நாடிப் பெயர்ந்தோரின் தொழிற்பெயர்களை அடுக்கிச் சொல்கின்றார்.

தில்லி சுல்தானேட்டும் பிரப் தீப்பும் பங்குகொண்ட 'கூலி' என்னும் உருப்படி தமிழராகிய நம்மால் தனித்து நோக்கத் தக்கது. ஆள்வினையுடைமை அதிகாரத்தில் வள்ளுவர் அச்சொல்லை முயற்சியின் பயன் என்னும் பொருளில் ஆண்டார். குடியேற்ற நாடுகளின் தோட்டங்களில் வழங்கிய இழிபெயர்க்கு இத்தமிழ்ச்சொல்லே மூலம் என்பாரும், குசராத்துக் கோலி என்னும் குலப்பெயரே மூலம் என்பாரும் உளர். முன்னையோர் கூற்றுப் பொருந்துமாயின், உழைப்பின் ஊதியத்தைக் குறித்த சொல் உழைப்போனை இகழும் சொல்லாயிற்று எனல் வேண்டும். சொல்லும் வந்த நிலத்தின் பயனையே பெற்றது, அப்பயனோ தீதாயிற்று.

இதனால் நாம் பெறுவது யாது? தொல்காப்பிய விதி பறைக்கும் பொருந்தும். ஆனால் வந்த நிலம் நற்பயனே தரும் என்பதற்கு அவ்விதி உறுதி கூறவில்லை. அந்நிலம் இட்ட இழிபெயரை வந்தவரே எடுத்துத் தம் தாளத்தில் வைத்து ஒலிக்கும்போதுதான் அப்பயன் மாறத் தொடங்குகின்றது. இசைமரபுகளைக் கலத்தல் அரிய செயலன்று. கலப்பினுள் யார் குரல் ஓங்குகின்றது என்பதே திறனாய்வாளர் வினவ வேண்டுவது. இனிமையால் முன்னைய தொகுப்பு மிக்கது. இல்லம் எது என்னும் வினாவிற்கு விடை பகர்வது பின்னையதே என்பது நம் துணிபு.