வாடகை வீடும் சீதன வீடும்

2014 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், திருநர் தாமே உணரும் பாலினத்தைச் சட்டவுரிமையாக ஏற்றது. ஆயின், 2017 இல் வெளிவந்த லீனா மணிமேகலையின் ‘இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்?’ என்னும் ஆவணப்படத்தில், திருநங்கைக் கலைஞர் இருவர் சென்னையில் வாடகை வீடு தேடி அலைகின்றனர். சட்டம் தந்த உரிமை சொத்துடையோர் வாசலிலே தடைப்படுவதைக் காட்டுவதே இப்படத்தின் வலிமை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இது பிறிதொரு வினாவை எழுப்புகின்றது. தாய்வழிக் குடிமரபு வேரூன்றிய இங்கு வீடு மகளுக்கே சீதனமாகச் சேர்வது வழக்கம். எனவே, ‘மகள் யார்?’ என்பது அடையாள வினா மட்டுமன்று, சொத்துடைமை வினாவுமாகும். இலங்கைச் சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழிவகுத்தது. அச்சான்றிதழ் பெற்ற மகளுக்குச் சீதன வீடு உண்டா? தாய்வழி மரபைப் பெருமையுடன் பேசும் நாம் இதற்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம். நமது ஆவணப்படக் கலைஞரும் இவ்வாசலிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.