எம்மா பொவாரியும் கடைக் கணக்கும்

குஸ்தாவ் பிளோபேர் இயற்றிய 'மதாம் பொவாரி' என்னும் பிரெஞ்சு நாவல் ஒழுக்கத்துக்கு ஊறு செய்வதென 1857ஆம் ஆண்டு நீதிமன்றேறியது. ஆசிரியர் விடுதலை பெற்றார். எனினும் அவ்வழக்கின் நிழல் நூலை விட்டு இன்னும் அகன்றபாடில்லை. எம்மாவைக் கெடுத்தது கள்ளக் காதலே என்று கற்றோரும் எளிதிற் கூறிவிடுகின்றனர். நூலோ வேறு கூறுகின்றது. ரொடோல்ப் கைவிட்டபோது அவள் கடுநோயுற்றாள்; ஆயினும் பிழைத்தெழுந்தாள். 8,000 பிராங்கை 24 மணி நேரத்துள் செலுத்துமாறு கட்டளை பிறந்து, கேட்ட இடமெங்கும் பணம் மறுக்கப்பட்ட பின்னரே நஞ்சை நாடினாள்.

இறுதி வேளையில் அவள் பணத்தை மறந்து காதலையே எண்ணி நொந்தாள் என ஆசிரியர் எழுதியுள்ளாரே என்று வினவலாம். மெய்தான். ஆனால், கணக்கை மறப்பதன்றோ அவள் இயல்பு!

லெயோன் ஊரைவிட்டு நீங்கியதும் அவள் செய்வன யாவை? கொதிக் பாணியிலமைந்த செபப்பீடம் வாங்குகின்றாள். ரூவான் நகரிலிருந்து நீலக் கம்பளி ஆடை தருவிக்கின்றாள். நகந் துலக்கும் எலுமிச்சம்பழத்துக்கு ஒரே மாதத்தில் 14 பிராங்கு செலவிடுகின்றாள். இத்தாலிய மொழி பயில அகராதிகளும் இலக்கணமும் வாங்குகின்றாள். பெரிய தியாகம் புரிந்தவளுக்கு இச்சிறு இன்பங்கள் தகும் என்பது அவள் நியாயம். வாங்கும் கணத்தில் தான் வேறொருத்தியாகிவிடுவதாக மயங்கும் உள்ளம் அது. பொருள் கைப்பட்டதும் மயக்கம் கலைகின்றது. பின்னாளில் ஜெர்மானிய மருத்துவர் கிரேப்பலின் வாங்கும் பித்தினை நோயாக வகுத்தார். பிளோபேரோ நோய்ப் பெயர் எதுவுமின்றி அதன் போக்கினை வரைந்துவிட்டார்.

அவ்வியல்பை முதலில் இனங்கண்டவன் கணவனல்லன். துணி வணிகன் லெரோ. அவன் பணங்கேட்டு நெருக்குவதில்லை. கடன்சீட்டைப் புதுப்பிக்கின்றான், கணவனிடமிருந்து அற்றோணித் தத்துவம் பெறும் வழியையும் அவனே காட்டுகின்றான்.

1883இல் எமீல் சோலா பாரிசின் பெருங்கடையொன்றைப் பொருளாக்கி எழுதிய நாவலில் வரும் மார்ட்டி அம்மையாரும் இவ்வினத்தவரே. ஆனால் சோலாவுக்குக் கடையே தலைமைப் பாத்திரம். பட்டும் சரிகையும் பக்கம் பக்கமாய்க் குவிய, வாங்குபவளின் உள்ளம் அவற்றினடியில் மறைந்துபோகின்றது. இவ்வகையில் பிளோபேரே விஞ்சி நிற்கின்றார். எனினும் ஒன்று சொல்லவேண்டும். மார்ட்டி அம்மையாரின் கணவர் ஓர் ஆசிரியர். மனைவியின் கடைச் செலவை ஈடுசெய்யத் தனிப்பாடஞ் சொல்லி அலைபவர். எம்மாவுக்காகக் கண்ணீர் சிந்தாத நான், அவர் வரும் பக்கங்களை விரைந்து கடக்க இயலாதவனானேன்.