நஞ்சு வடிப்போன் முன் ஒருத்தி

ஆங்கிலப் புலவர் றொபேட் பிறௌனிங் 1844ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இரசாயனசாலை’ என்னும் பாட்டு 12 நாலடிச் செய்யுள்களால் ஆயது. புரட்சிக்கு முந்திய பிரான்சு நாட்டின் அரசவை மாது ஒருத்தி, நஞ்சு வடிக்கும் கிழவனது கூடத்தில் அமர்ந்து பேசுகின்றாள். பேச்சு முழுவதும் அவளதே. கிழவன் வாய் திறந்திலன். வெளிவாரிப் பட்டத்துக்காக இரவில் இதனைப் பயின்றபோது, இத்தகைய பாட்டு விக்டோரியா அரசியார் காலத்துப் புதுமை என நூல்கள் கூறக் கண்டு சற்றே நகைத்தேன். கூற்று, கேட்போர், களன் என்பவற்றைச் செய்யுளுறுப்புக்களாகத் தொல்காப்பியர் என்றோ வகுத்துவிட்டார் அல்லரோ? ஆயினும், ஒப்புமை கண்ட அளவில் நின்றுவிடல் ஆகாது.

அம்மாது நஞ்சை நோக்கும் முறையைக் காண்க. பிசினிற் கசியும் பொன்னிறமும் குப்பியிலுள்ள நீலமும் அவள் கண்ணுக்கு விருந்தாகின்றன. காதலன் வேறொருத்தியுடன் இருக்கின்றான். தான் ஆளற்ற தேவாலயத்தில் அழுதுகொண்டிருப்பதாக எண்ணி அவ்விருவரும் நகைக்கின்றனர் என்பது அவளுக்குத் தெரியும். அந்நகையே அவளைச் சுடுகின்றது. மாற்றாள் இறந்தால் மட்டும் போதாது. நோவு தெரிய இறத்தல் வேண்டும். இறக்கும் அம்முகம் காதலன் நெஞ்சைவிட்டு அகலாதிருத்தல் வேண்டும் என்கின்றாள். பழி உண்மையில் அவன்மேலது என்பது இவ்விடத்திற் புலனாகும். ஈற்றில், அணிகலன் யாவும் கொடுத்து, கிழவன் வேண்டின் வாயில் முத்தமிடவும் இசைந்து, தன்மேற் படிந்த தூளைத் தட்டச் சொல்லி, அரசவை நடனத்துக்குப் புறப்படுகின்றாள். “இவள் கொடியள்” என்று வகுப்பில் மாணவர் ஒருமித்துக் கூறுவர். கொடியள்தான். எனினும், தூளைத் தட்டச் சொல்லுமிடத்து அவளுக்கும் அச்சம் உண்டென்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை எட்டாம் பாட்டிலும் பொறாமை உண்டு, பழிவாங்கலும் உண்டு. தலைவி தன்னைப் புறங்கூறினாள் எனக் கேட்ட காதற்பரத்தை, தன்னிடத்துப் பெருமொழி பேசிய தலைவன் தன் வீட்டில் மனைவிக்குக் கண்ணாடிப் பாவைபோல் ஆடுகின்றான் என எள்ளுகின்றாள். அதனைத் தலைவியின் பாங்காயினார் கேட்கும்படி சொல்கின்றாள். தைக்க வேண்டிய இடத்திற் சொல் தைத்துவிடும். நஞ்சுக்குத் தேவை எழவில்லை. பிறௌனிங்கின் மாதுக்கோ கேட்போன் ஒரு வணிகன். அவள் வெகுளி வளர வளர அவனுக்கு ஊதியம். தோழி போல்வார் ஒருவரும் அக்கூடத்தில் இலர்.

எம் கல்முனைப் பகுதியில், காரைதீவு முதலிய ஊர்களில், வைகாசி மாதத்திற் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவர். மதுரையை எரித்த சினத்தைத் தணிக்கும் பாட்டு அது. அக்கண்ணகியும் மாதவியை நோக்கி ஒரு சுடுசொற் கூறியதாக இளங்கோவடிகள் பாடிற்றிலர். அவள் சினம் முறை தவறிய அரசன்மேற் சென்றது. ஒருத்தியின் சினத்தை ஊர் முழுவதும் திரண்டு ஆற்றும் இவ்வழக்கத்துக்கு அணித்தாக வாழ்பவனாதலாற்போலும், பிறௌனிங்கின் பாட்டைப் படிக்குந்தோறும் என் கண் அக்கிழவன்மேலேயே செல்கின்றது. யான் கண்ட வினாத்தாள்கள் அவனைப்பற்றி வினவியதில்லை. மாணவர் ஒருமுறை அவன் இருக்கையிலிருந்து இப்பாட்டைப் படித்துப் பார்ப்பாராக.