எதிர்காலம் என்னும் ஒற்றைக் கட்டம்: ஆங்கில வினைப் பயிற்சியும் தமிழ் வினை வடிவங்களும்

ஆங்கிலம் கற்கும் தமிழர் காலங்காட்டும் வினைகளில் செய்யும் பிழைகளுக்குத் தமிழே காரணம் என்னும் கருத்து நம்முடைய மொழி கற்பித்தல் நூல்களில் பெரும்பாலும் வினவப்படாமலே ஏற்கப்பட்டு வருகிறது. லேடோவின் 1957ஆம் ஆண்டு நூலுக்குப் பின்னர் உறழாய்வு செய்தோர் பலரும் இதனையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டனர். எதிர்காலத்தைச் சொல்லும் முறைகளைப் பொறுத்தவரை இக்கருத்து பாதிகூட உண்மையன்று என்பதும், தமிழின்மீது ஏற்றப்படும் பழியில் பெரும்பகுதி பயிற்சி நூல்களைச் சேர்ந்தது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இவ்வெண்ணம் தோன்றிய இடம் கடக்வாஸ்லா. புனே நகருக்குத் தென்மேற்கே, முட்டா ஆற்றின் அணையை ஒட்டிய ஊர் அது. 1954ஆம் ஆண்டின் இறுதியில் டேராடூனிலிருந்து பெயர்ந்துவந்த தேசியப் பாதுகாப்பு அகாதெமியே அவ்வூருக்கு நாடறிந்த பெயரைத் தந்தது. (அதே ஆண்டுகளில்தான் புனே டெக்கான் கல்லூரியின் மொழியியல் பள்ளிகளும் தொடங்கின.) அங்கே சில வாரங்கள் தங்கியிருந்தபோது, பெற்றோரின் பணியிட மாற்றத்தால் அவ்வூருக்கு வந்திருந்த தமிழ் மாணவர் மூவர் அகாதெமி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதை அருகிருந்து காண நேர்ந்தது. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அவ்வெழுத்துத் தேர்வின் மொத்த மதிப்பெண் 900. அதில் ஆங்கிலத்துக்கு உரியது 200. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். ஆகவே, ஒரு வினைவடிவத்தைப் பற்றிய தவறான விதி அம்மாணவர்க்கு வெறும் இலக்கணச் சிக்கல் அன்று. மூவர் ஏடுகளைக் கொண்டு பொதுமுடிவு கூறுதல் முறையன்று என்பதை அறிவேன். எனினும் ஒரு பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காண மூன்று ஏடுகள் போதும்.

அவர்கள் கையில் இருந்தது தமிழ் விளக்கத்துடன் கூடிய பயிற்சி நூல். பெயர் வேண்டா, இத்தகைய நூல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. முதற்பக்கத்தில் பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. எதிர்கால வரிசையில் 'ஐ வில் டூ' என்பதற்கு நேரே 'நான் செய்வேன்' என்றும், 'ஐ வில் ஹாவ் டன்' என்பதற்கு நேரே 'நான் செய்திருப்பேன்' என்றும், 'ஐ வில் ஹாவ் பீன் டூயிங்' என்பதற்கு நேரே 'நான் செய்துகொண்டிருந்திருப்பேன்' என்றும் இருந்தன. அட்டவணைக்குக் கீழே ஒரு விதி: 'நாளை', 'அடுத்த வாரம்' போன்ற சொற்கள் வந்தால் 'வில்' இடுக. அதன்பின் நிரப்புவதற்குக் கோடிட்ட இடங்கள், பக்கம் பக்கமாக.

இவ்வட்டவணையின் மூலம் எது என்று தேடுவோர் ரென், மார்ட்டின் இருவரின் பள்ளி இலக்கணத்தைச் சுட்டுவர். (ரென் இந்தியக் கல்விப் பணியில் இருந்தவர், படைவீரர் வாழ்வைப் பற்றி 1924இல் வெளியிட்ட ஒரு நாவலால் மேலைநாட்டில் புகழ்பெற்றவர்.) ஆனால் அந்நூலின் திருத்திய பதிப்புகள் எதிர்காலத்தைச் சொல்லும் வழிகள் பலவற்றைத் தனித்தனியே விளக்குகின்றன. தமிழ் வழிகாட்டிகள் அட்டவணையை எடுத்துக்கொண்டு விளக்கத்தை விட்டுவிட்டன என்பதே உண்மை.

விளைவு என்ன? 'இஃப் இட் வில் ரெய்ன்' என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். ஆசிரியர் ஓரத்தில் எழுதிய குறிப்பு: 'தமிழில் யோசிக்காதே.' தமிழில் யோசித்திருந்தால் அவர் அவ்வாறு எழுதியிருக்க முடியாது. 'மழை பெய்தால்' என்னும் நிபந்தனை எச்சத்தில் எதிர்கால இடைநிலை ஏதும் இல்லை. அது இறந்தகால அடியின்மேல் அமைந்த வடிவம். மராத்தியும் இவ்விடத்தில் இறந்தகால வடிவத்தையே ஆளும். நிபந்தனைத் தொடரில் எதிர்கால வினையை இயல்பாக இட்டுப் பேசும் இந்தி மாணவர் இப்பிழையைச் செய்தால் அதற்கு அவர் தாய்மொழியில் காரணம் உண்டு. தமிழ் மாணவருக்கு இல்லை. அவருக்கு அதைக் கற்பித்தது 'வருங்காலச் செய்தி எனில் வில்' என்னும் விதியே. 'அவர் வந்தவுடன்' என்பதை ஆங்கிலமாக்கும்போது 'வில்' புகுவதும் இவ்வாறே. 'அவர் வரும்போது' என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடம் உண்டு. 'வரும்' என்னும் பெயரெச்சத்தை எதிர்காலம் என்றே பள்ளியில் கற்றிருக்கிறோம்.

'செய்திருப்பேன்' என்பதன் நிலை இன்னும் சிக்கலானது. 'நாளை இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்' என்னும்போது அது வருங்காலத்தில் முடிந்த செயல். காலச்சொல் இல்லாமல் 'சேர்ந்திருப்பார்' என்றால் அது நடந்துமுடிந்ததைப் பற்றிய ஊகம். 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்னும்போதோ நடவாத ஒன்று. ஆங்கிலம் முதல் இரண்டுக்கும் 'வில் ஹாவ்' என்பதையே பயன்படுத்தக்கூடும். மூன்றாவதற்கு 'வுட் ஹாவ்' வேண்டும். அட்டவணை மூன்றையும் ஒரே கட்டத்தில் அடைத்ததால், மூவரில் இருவர் மூன்றாம் வகைக்கும் 'வில் ஹாவ்' என்றே எழுதினர். கடைசிக் கட்டத்தின் 'செய்துகொண்டிருந்திருப்பேன்' என்னும் தொடரை, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வோரைத் தவிர வேறு யாரேனும் பேசக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அங்கும் அது நேற்றைய நிகழ்ச்சி பற்றிய ஊகமே, எதிர்காலம் அன்று.

செலிங்கர் 1972இல் இடைமொழி என்னும் கருத்தை முன்வைத்தபோது, தாய்மொழிப் பெயர்விலிருந்து பயிற்சிவழிப் பெயர்வு என்பதனைப் பிரித்துக் காட்டினார். அவர் தந்த சான்று இங்கு நினைக்கத்தக்கது. செர்போ-குரோவேசிய மொழியில் ஆண்பால், பெண்பால் பதிலிப்பெயர் வேறுபாடு ஆங்கிலத்தைப் போன்றே உண்டு. இருந்தும் அம்மொழியினர் ஆங்கிலத்தில் பெண்ணையும் 'ஹீ' என்றனர். அவர்கள் கற்ற பயிற்சித் தொடர்களில் 'ஹீ' மட்டுமே வந்ததே காரணம். தாய்மொழி உதவத் தயாராக இருந்தும், பயிற்சி அவ்வுதவியை மறித்த நிகழ்ச்சி இது. நம் எதிர்காலக் கட்டங்களில் நிகழ்வதும் இதுவே.

தமிழ் அளிக்கக்கூடிய உதவி சிறிதன்று. வானம் கறுத்து நிற்கையில் 'மழை வரப்போகிறது' என்கிறோம். சகுனம் கண்முன் உள்ளது. ஆங்கிலத்தின் 'கோயிங் டு' இவ்விடத்துக்கு உரியது. இரு மொழியிலும் துணையாக நிற்பது போதல் வினையே. 'தேர்வு நாளை தொடங்குகிறது' என்று நாளிதழ் எழுதும்; ஆங்கிலமும் நிகழ்கால வடிவத்தையே இடும். 'அடுத்த வாரம் சென்னை போகிறேன்' என்பது முன்னரே முடிவான ஏற்பாடு. ஆங்கிலத்தில் இங்கு வருவது தொடர் நிகழ்காலம். அறிவிப்பு நடையில் 'திறக்கப்படவுள்ளது', 'வரவிருக்கிறார்' என்பன உண்டு. கதவு தட்டப்பட்டவுடன் 'நான் திறக்கிறேன்' என்று எழும் தமிழன் மட்டும் ஆங்கிலத்தில் 'வில்' என்று மாற வேண்டும். அவ்விடமே உண்மையில் பயிற்சி தேவைப்படும் இடம். நூலிலோ அதற்கு ஒரு வரியும் இல்லை. 'நாளை' என்னும் சொல்லைக் கண்டு 'வில்' இடப் பழகிய மாணவர்கள், 'த டிரெய்ன் லீவ்ஸ் டுமாரோ' என்னும் பிழையற்ற தொடரைப் 'பிழையைச் சுட்டுக' என்னும் பகுதியில் பிழை என்று குறித்தனர். அதே மாணவர் வீட்டில் 'வண்டி நாளைக்குக் கிளம்புது' என்றுதான் பேசுகிறார்.

இவ்வொப்புமைகள் தற்செயலாக அமைந்தவையல்ல. பழந்தமிழின் வினையமைப்பு இறந்தகாலம், இறந்தகாலமல்லாதது என்னும் இருமையில் நின்றது என்பது மொழியியலார் பலரும் ஏற்பது. தொல்காப்பியம் காலம் மூன்று என்று கூறினும், நிகழ்காலத்துக்குரிய தனி இடைநிலை பிற்காலத்தில்தான் பரவலாயிற்று. புதிதாக வந்த '-கின்று-', '-கிறு-' நிகழ்வதைக் கைக்கொள்ள, எஞ்சிய பழைய வடிவம் எதிர்காலம் எனப் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் நடந்தது இதன் கண்ணாடிப் படிமம் எனலாம். அங்கும் வினைத்திரிபில் இரண்டே வடிவங்கள். எஸ்பர்சன் முதல் 1985இல் வெளிவந்த குவர்க் குழுவினரின் பேரிலக்கணம் வரை, ஆங்கிலத்தில் எதிர்காலம் என ஒரு வினைத்திரிபு இல்லை என்பதே கொள்கை. அங்கே வருங்காலத்தைத் துணைவினைகள் எடுத்துக்கொள்ள, எஞ்சிய பழைய வடிவம் நிகழ்காலம் எனப் பெயர் பெற்றது. பொது உண்மையையும் வழக்கத்தையும் இரு மொழியிலும் எஞ்சிய வடிவமே சுமக்கிறது. ஆகவே, 'பசு பால் தரும்' என்பதன் நேர் இணை ஆங்கிலத்தின் எளிய நிகழ்காலம். 'தரும்' என்பதை எதிர்காலம் என்று பெயரிட்டதனால் மட்டுமே மாணவர் 'வில் கிவ்' என்கிறார்.

இங்குத் தாய்மொழியின் பங்கை மறுப்பதற்கில்லை. 'அப்பா தினமும் காலையில் நடப்பார்' என்பதிலிருந்து 'வில் வாக்' பிறப்பது உண்மையான பெயர்வே. ஆயினும் 'அந்தக் காலத்தில் தாத்தா கதை சொல்லுவார்' என்னும் தொடரைக் காட்டினால், அதே மாணவர் 'வுட் டெல்' என்பதன் இயல்பை உடனே உணர்கிறார். அதை உணர்த்த மூன்று பக்கப் பயிற்சி தேவைப்படவில்லை.

கடக்வாஸ்லாவின் தெருக்களில் கேட்கும் மராத்தியும் இவ்வகையில் துணைநிற்கிறது. விடைபெறும் மராத்தியர் 'யேதோ' என்கிறார். நாம் 'வருகிறேன்' என்பதும் அதுவே. அழைத்த குரலுக்கு உள்ளிருந்து 'ஆலோ, ஆலோ' என்று பதில் வருகிறது. சொல்லுக்குச் சொல் 'வந்தேன், வந்தேன்'. விரைவுப் பொருளில் இறந்தகாலம் வரலாம் என்று தொல்காப்பியர் வினையியலில் கூறியதும், விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு என்பவற்றைச் சேர்த்து நன்னூலார் கூறியதும் இன்றும் ஒரு தேநீர்க் கடை வாசலில் இரு மொழியில் நடைமுறையில் உள்ளன. 'யேணார் ஆஹே' நம் 'வரவிருக்கிறேன்' என்பதோடு நெருங்குகிறது. மராத்தியின் வழக்க இறந்தகாலமான 'யேயீ' என்பதும் எதிர்காலமான 'யேயீல்' என்பதும் ஒரே அடியினின்று கிளைத்திருப்பது, நம் 'வருவார்' இரண்டுக்கும் நிற்பதைப் போன்றது. இவ்வளவு அறிந்த பிள்ளைகளுக்கு எதிர்காலம் என்றால் ஒரு கட்டம் என்று கற்பிப்பது வருந்தத்தக்கது.

மொழிபெயர்ப்பாளர் நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. படைத்துறை ஆங்கிலத்தில் 'வில்' பெரும்பாலும் ஆணை. பயிற்சி வீரர்கள் காலை 5.30க்கு அணிவகுத்து நிற்பார்கள் என்று ஓர் ஆணைத்தாள் ஆங்கிலத்தில் கூறினால், அது வருவதுரைத்தல் அன்று. நிற்க வேண்டும் என்பதே பொருள். தமிழில் 'நிற்பார்கள்' என்று பெயர்த்தால் ஆணை செய்தியாகத் தேய்ந்துவிடும். தமிழில் கண்டிப்பான ஆணைக்கு வரும் வடிவம் வேறு: 'நாளைக்கு நீ போகிறாய், பணத்தைக் கொடுக்கிறாய், ரசீது வாங்கி வருகிறாய்.' ஆங்கிலம் எதிர்காலத் துணைவினையால் கட்டளையிடும் இடத்தில் தமிழ் நிகழ்கால முற்றால் கட்டளையிடுகிறது. எழுத்துத் தமிழில் இவ்வடிவம் ஏற்காது என்பதால் 'வேண்டும்' என்பதே வழி. சட்டத் தமிழ் 'ஷால்' என்பதற்குச் 'செய்தல் வேண்டும்' என்று பழகியதும் இக்காரணத்தாலேயே. ஆனால் அரசியலமைப்பின் முதற்பிரிவில் இந்தியா மாநிலங்களின் ஒன்றியமாக 'ஷால் பீ' என்னும்போது அது யாருக்கும் இடும் கட்டளையன்று; நிலைநாட்டும் கூற்று. அங்கே 'வேண்டும்' எனின், இன்னும் ஆகவில்லை என்னும் சாயல் படியும். 'ஷால்', 'வில்' இரண்டையும் தன்மை, முன்னிலை, படர்க்கை எனப் பங்கிட்டு வாலிஸ் 1653இல் எழுதிய விதியை இன்னும் மனப்பாடம் செய்விக்கும் நூல்கள் இவ்வேறுபாட்டைத் தொடுவதே இல்லை.

இன்னோர் எடுத்துக்காட்டு அணையிலிருந்தே கிடைக்கிறது. மழைக்காலத்தில் கடக்வாஸ்லா அணையிலிருந்து முட்டா ஆற்றில் நீர் விடப்படும்போது கரையோர மக்களுக்கு எச்சரிக்கை தரப்படுகிறது. 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லா அணையும் தாங்காமல் புனே வெள்ளத்தில் மூழ்கியதை அறிந்த ஊர் அது. இத்தகைய அறிவிப்பைத் தமிழாக்கும் ஒருவர்முன் 'விடப்படலாம்', 'விடப்படும்', 'விடப்படவுள்ளது', 'விடப்படுகிறது' என நான்கு வடிவங்கள் நிற்கின்றன. முதலாவது கேட்டவர் வீட்டிலேயே இருப்பார். இரண்டாவது, நீர்மட்டம் உயர்ந்தால் வழக்கமாக நடப்பதையும் குறிக்கும், இன்று மாலை நடக்கப்போவதையும் குறிக்கும். ஆகவே நேரம் சேர்க்காமல் ஆளத்தகாதது. முடிவெடுக்கப்பட்டுவிட்டது என்பதை ஐயமின்றிச் சொல்வது மூன்றாவதே. மூல அறிவிப்பில் 'வில் பீ ரிலீஸ்ட்' என்று மட்டும் இருந்தால், அது முடிவா வாய்ப்பா என்று கேட்டறிந்த பின்னரே பெயர்க்க முடியும். 'வில் என்றால் வ், ப்' என்று பயின்ற மொழிபெயர்ப்பாளர் அக்கேள்வியைக் கேட்கமாட்டார்.

ஊர் திரும்பும் முன் அம்மூவருக்கும் ஒரு பயிற்சி அமைத்துத் தந்தேன். கோடிட்ட இடங்கள் இல்லை. 'மழை வரும்', 'மழை வரப்போகிறது', 'மழை வருகிறது', 'மழை வரலாம்', 'மழை வந்துவிட்டது, ஓடு' என்னும் ஐந்து தொடர்களைத் தந்து, ஒவ்வொன்றையும் யார், எங்கே நின்று, எதைக் கண்டு சொல்கிறார் என்று முதலில் தமிழிலேயே எழுதுமாறு கேட்டேன். ஆங்கிலம் அதற்குப் பிறகு. ஐந்தாவது தொடரைச் சொல்பவர் மேல் இன்னும் ஒரு துளியும் விழவில்லை என்று எழுதிய மாணவர், அதை ஆங்கிலமாக்கும்போது 'வில்' இடவில்லை, இறந்தகாலமும் இடவில்லை. பேனாவை வைத்துவிட்டு, 'இதற்கு அட்டவணையில் கட்டம் இல்லையே' என்றார்.