முதுகில் ஓர் ஊசி

புதுக்கோட்டை ராணியார் அரசு மகப்பேறு மருத்துவமனை போன்ற இடங்களில், சிசேரியன் செய்த மருத்துவரின் பெயர் குடும்பத்துக்கு நினைவிருக்கும். ‘மயக்க டாக்டர்’ பெயர் அநேகமாக இருக்காது. எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்றாண்டு எம்.டி. மயக்கவியல் படித்தவர் அவர். ஈதர் தந்து வலியின்றி அறுக்கலாம் என்று பாஸ்டன் காட்டியது 1846இல். முதுகுத்தண்டில் மருந்து செலுத்தும் முறை 1898இல் ஜெர்மானியர் ஆகஸ்ட் பீரிடமிருந்து வந்தது.

சிசேரியனுக்குத் தரும் இந்த முதுகு ஊசியை மயக்கம் என்பதே பொருந்தாது. தாய் விழித்தேதான் இருப்பார். அவரைக் குனிந்து உட்காரவைத்து, இடுப்பெலும்பின் மேல்விளிம்பைத் தொட்டு, அந்த மட்டத்தில் முள்ளெலும்புகளின் இடைவெளியை விரல் தேடும். மருத்துவரின் திறமையெல்லாம் அந்த விரல்நுனியில்தான். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஊசி தண்டுவட உறையைத் துளைக்கும்போது கையில் மெல்லிய ‘டப்’ தெரியும். பளிங்குபோல் ஒரு துளி நீர் எட்டிப்பார்க்கும். பிறகு இரண்டு மில்லி அளவில் புபிவகைன் என்ற மரக்கச்செய்யும் மருந்து. குளுக்கோஸ் கலந்திருப்பதால் அது தண்டுவட நீரைவிடக் கனமானது, தாழ்ந்த பக்கம் இறங்கும்.

ஸ்பிரிட் பஞ்சை வயிற்றிலிருந்து மார்புவரை ஒற்றி, ‘ஜில்லுன்னு இருக்காம்மா?’ என்று கேட்டு மரத்த எல்லையை அளப்பார். ரத்த அழுத்தம் சரியும். கருப்பை பெருஞ்சிரையை அழுத்தாதபடி உடலை இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, மருந்தால் அழுத்தத்தை மீட்பார். கால்விரல்கள் அசையும்வரை கண்காணிப்பு தொடரும்.