பரிசு எதனை அளக்கிறது?

சிற்பக் கண்காட்சி, அதில் வழங்கப்படும் பரிசு என்பன பற்றி முஸ்லிம் எழுத்தாளர்களின் சஞ்சிகையொன்றில் எழுத வேண்டுமா என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். எழுத வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். பரிசுகளும் பட்டங்களும் பொன்னாடைகளும் மலிந்துவிட்ட சூழலில், பரிசு எதனை அளக்கிறது என்ற கேள்வி நமக்கு அவசியமானது. அதனை நம்மவர் பெயர்களை வைத்துப் பேசினால் மனஸ்தாபமே மிஞ்சும். எனவே சற்றுத் தொலைவில் நின்று பார்ப்போம்.

பாரிஸ் நகரின் 'ஸலோன்' என்னும் வருடாந்தக் கண்காட்சியை நெடுங்காலம் அரசே நடத்தி வந்தது. 1881 இல் அப்பொறுப்பு பிரெஞ்சுக் கலைஞர் சங்கத்திடம் வந்தது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் தனித்தனி நடுவர் குழுக்கள், தரம் பிரித்த பதக்கங்கள், அவற்றுக்குக் கீழே கௌரவக் குறிப்பு. குறித்த தரப் பதக்கம் பெற்றவர் பின்னர் நடுவர்களின் தெரிவுக்கு உட்படாமலே தமது படைப்பை வைக்கலாம். ஒருமுறை வென்றவர் என்றும் வென்றவரே! இச்சலுகை யாருக்கு உரியது என்ற தகராறே 1890 இல் கலைஞர்களை இரண்டாகப் பிளந்தது. பிரிந்து சென்றோர் அமைத்த தேசிய நுண்கலைச் சங்கம் தனது கண்காட்சியில் பதக்கமே வழங்கவில்லை.

நடுவர்களின் கண் எப்படிப்பட்டது? ரொடான் 1877 இல் 'வெண்கல யுகம்' என்ற ஆணுருவைக் காட்சிக்கு வைத்தபோது, அது உயிருள்ள மனிதனின் உடலில் அச்செடுத்தது என்று பழி சுமத்தினார்கள். 1880 இல் அதே உருவத்தின் வெண்கல வார்ப்புக்கு மூன்றாந்தரப் பதக்கம் கிடைத்தது. சிலை மாறவில்லை, பார்த்தவர்களே மாறினார்கள். அவரது மாணவி கமீய் குளோடெல், காளிதாசனின் சகுந்தலையைச் சிற்பமாக்கி 1888 இல் கௌரவக் குறிப்புப் பெற்றார். ஆனால் அதனைப் பளிங்கில் செதுக்க அவர் வேண்டி நின்ற அரச ஆணை கிடைக்கவில்லை. பாராட்டு வேறு, ஆதரவு வேறு.

எழுதுகின்ற நாம் வெட்கப்பட வேண்டிய சம்பவமும் உண்டு. நாவலாசிரியர் பல்ஸாக்கின் சிலையை 1891 இல் ரொடானிடம் ஒப்படைத்தது பிரெஞ்சு எழுத்தாளர் சங்கம். 1898 இல் அது காட்சிக்கு வந்தது. நீண்ட அங்கிக்குள் உடலை மறைத்து, முழுப் பலத்தையும் தலைக்கு ஏற்றியிருந்தார் ரொடான். சங்கம் அதனை ஏற்க மறுத்தது. பாரிஸ் வீதியில் அச்சிலை நின்றது 1939 இல். சிற்பி மறைந்து இருபத்திரண்டு வருடங்களின் பின்னர்.

இனி நமக்கு நெருக்கமான ஒருவர். நமக்கு மிஸ்ர் அந்நிய தேசமல்ல. ஒராபி பாஷா 1883 முதல் 1901 வரை இங்கே நாடு கடத்தப்பட்டு வாழ்ந்தார். சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை'யும் மிஸ்ரைத் தொட்டே செல்கிறது. அந்த மிஸ்ரின் நைல் கழிமுகக் கிராமமொன்றில் 1891 இல் பிறந்தவர் மஹ்மூத் முக்தார். 1908 இல் கெய்ரோவில் திறக்கப்பட்ட நுண்கலைக் கல்லூரியில் பயின்று பாரிஸ் சென்றார். 1920 இல் அவரது 'நஹ்ழத் மிஸ்ர்' மாதிரியுரு ஸலோனில் இடம்பெற்றது. நிமிர்ந்தெழும் ஸ்பிங்ஸின் தலையில் ஒரு கையை வைத்து, மறு கையால் முகத்திரையை விலக்கும் கிராமத்துப் பெண்! ஊரில் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. அரசும் தோள் கொடுத்தது. 1928 இல் செங்கருங்கல்லில் அது கெய்ரோவில் எழுந்தது. பாரிஸ் நடுவர்கள் திறந்தது வாசலை மட்டுமே. சிலையை நிறுத்தியவர்கள் மக்கள்.

எனினும் விமர்சகனுக்கு இன்னொரு கடமை உண்டு. 'நஹ்ழத் மிஸ்ர்' ஒரு தடவை விளங்கியதும் முடிந்துவிடுகின்ற உருவகம். மேடைப் பேச்சின் உரத்த குரல் அதிலுண்டு. அவரது 'கமாஸீன்' அப்படியல்ல. பாலைக்காற்றை எதிர்த்து நடக்கும் ஒரு பெண், அவ்வளவுதான். காற்றைக் கல்லில் காட்ட இயலாது; காற்று ஆடைக்குச் செய்ததைக் காட்டலாம். முக்தாரின் உச்சம் அதுவே என்பேன். புகழ் பெற்றதும் சிறந்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

உருவச்சிலை மார்க்கத்தில் ஆகுமா என்ற வினா எழும். மிஸ்ரின் முஃப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் அப்துஹு, வணக்கத்துக்கான அச்சம் நீங்கிய இடத்தில் அறிவுக்கும் கலைக்கும் பயன்படும் உருவங்களைத் தடுக்க வேண்டியதில்லை என்ற கருத்தைக் கொண்டிருந்தார். அதனை ஏற்காத உலமாக்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். தீர்ப்பு வழங்குவது எனது வேலையல்ல. ஆனால் ஒரு பொருளை ஆக்காமல் விலகியிருப்பது வேறு, அதுபற்றி அறியாமலே இருப்பது வேறு.

நமது இலக்கியப் பரிசுகளுக்கு வருவோம். பெயர்ப் பட்டியல் வெளிவருகிறது, காரணம் வெளிவருவதில்லை. எந்த நூல் எதனால் முந்தியது, எது எங்கே சறுக்கியது என்று நடுவர்கள் ஒரு பக்கமேனும் எழுதிக் கையொப்பமிட்டு வெளியிடட்டும். அவர்கள் தவறலாம், 1877 இல் தவறவில்லையா? ஆனால் எழுதப்பட்ட தவறைத் திருத்த அடுத்த தலைமுறைக்கு வழியுண்டு. கிராமத்தில் தனியே எழுதிக்கொண்டிருக்கும் இளைஞனுக்குக் கேடயத்தைவிட அந்த ஒரு பக்கமே அதிகம் உதவும்.