கோட்டையும் பெட்டியும்

தாத்தா பேச்சோடு பேச்சாகச் சொன்னதில் ஒரு ‘காஸில்’ வந்தது. நாஜிகளிடமிருந்து தப்ப அண்ணன் ஷ்மியெல் ஒளிந்திருந்த இடம். பிறகு யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். டேனியல் மெண்டல்ஸன் சிறுவயதில் கேட்டது அவ்வளவுதான். சின்னப் பையன் உள்ளே வந்தாலே வீட்டுப் பெரியவர்கள் அழுவார்களாம், ஷ்மியெலை உரித்து வைத்தாற்போல இருந்ததால்.

2006-ல் வெளியான அவருடைய ‘த லாஸ்ட்’ நூலுக்கு, அறுபது லட்சம் பேரில் ஆறு பேரைத் தேடுவது என்று துணைத்தலைப்பு. ஷ்மியெல், மனைவி எஸ்தர், நான்கு மகள்கள். ஊர் பொலெஹூஃப், அன்று போலந்து, இன்று உக்ரைன். முதல் பயணம் 2001-ல். அங்கே பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பிறகு ஆஸ்திரேலியா, இஸ்ரேல், ஸ்வீடன் என்று தப்பிப் பிழைத்தவர்களின் வீட்டுக் கதவுகளைத் தட்டுகிறார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கிறார். சிலர் தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை.

கடைசியில் அதே ஊரில், ஒரு வீட்டின் தரைக்கதவைத் திறந்து காட்டுகிறார்கள். ஷ்மியெலும் மகள் ஃப்ரிட்காவும் ஒளிந்திருந்த குழி. உள்ளே இறங்கி நிற்கும்போதுதான் உறைக்கிறது: தாத்தா சொன்னது காஸில் இல்லை, ‘கெஸ்ட்ல்’. யிட்டிஷில் பெட்டி. இந்தப் பக்கங்களுக்காகவே மொத்தப் புத்தகத்தையும் படிக்கலாம். என் வேலையில் தப்பான டேட்டா வந்தால் யோசிக்காமல் டெலிட்தான். இங்கே முப்பது வருஷத்துக்கும் மேல் தப்பாகவே பத்திரமாக இருந்த ஒரு சொல்தான் சாட்சி.

குறையும் உண்டு. நடுநடுவே ஆதியாகமத்துக்கு நீண்ட உரை எழுதுகிறார். பல இடங்களில் வண்டி நின்றுவிடுகிறது. நான் இரண்டு முறை தாண்டிப் போனேன். காயீன்–ஆபேல் பகுதி மட்டும் உள்ளே இறங்குகிறது. சிறுவயதில் தம்பி மாட்டின் கையை உடைத்தவர் டேனியல். அந்தத் தம்பிதான் கேமராவோடு கூட வருகிறார்.

ஆனால் சகோதரர் விஷயத்தில் அவர் இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம். 1939-ல் ஷ்மியெல் அமெரிக்காவிலிருந்த உறவினர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்: பணம் வேண்டும், எங்களை இங்கிருந்து வெளியே எடுங்கள். என்ன செய்ய முடிந்தது, என்ன செய்யாமல் விட்டார்கள்? டேனியல் கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். தாத்தாமேல் அவ்வளவு பாசம். அந்தக் கடிதங்கள், தாத்தா எப்போதும் கோட்டுப் பையில் வைத்திருந்த பர்ஸிலிருந்து அவர் இறந்தபிறகுதான் வெளியே வந்தன. கெஸ்ட்ல் பற்றிச் சொன்ன நாளிலும் அது அவர் நெஞ்சோரம்தான் இருந்திருக்கும்.